சிங்கப்பூர் முதல் பயணக் குறிப்பு: விட்டுப்போனதைச் சொல்லுங்க

சேலம், ஏற்காட்டிலிருந்து முதன்முறையா சிங்கப்பூர் போற பெரியவங்களுக்காகக் குறிப்பு தயாரிக்கிறோம்.

விசா இருந்தாலும், போய் இறங்கறதுக்கு முந்தைய 3 நாளுக்குள்ள வருகை அட்டையை (SG Arrival Card) ஆன்லைன்ல நிரப்பணும். இலவசம்தான், காசு கேட்கிற தளம் அரசோடது இல்ல. நம்ம பிளக் அங்க சேராது, சதுர முனை அடாப்டர் வேணும். பஸ்ல ஏறும்போது மாதிரியே இறங்கும்போதும் கட்டணக் கார்டை மெஷின்ல தட்டணும், மறந்தா கடைசி நிறுத்தம் வரைக்கும் காசு பிடிச்சிடும்.

சைனாடவுன்னா சீனக் கடைகள் மட்டும்னு நினைச்சுடறாங்க. சவுத் பிரிட்ஜ் ரோட்டுல மாரியம்மன் கோயில் கோபுரம், அதே வரிசையில சூலியா மசூதி! நம்ம சேலம் கோட்டை மாரியம்மன் பக்தர்கள் நகரவே மாட்டாங்க.

தெரிஞ்சவங்க சொல்லுங்க: லிட்டில் இந்தியாவுல லிஃப்ட் வசதியோட தங்குமிடம் எது? ராத்திரி விமானத்துக்குச் சேலத்துல இருந்து திருச்சி வசதியா, கோவையா?