‘அ’ போட்டால் எதிர்ப்பொருள் வந்துவிடுமா?

கரும்பலகை:
“சொல்லுக்கு முன்னால் ‘அ’ போட்டால் எதிர்ப்பொருள் வந்துவிடும், எட்டு வயதுப் பிள்ளைக்கு ஐந்து நிமிடத்தில் புரியவைக்கலாம்” என்று மணிப்புறா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் தணியவில்லை. சுத்தம், அசுத்தம் சரி. அமைதிக்கு எதிர் ‘மைதி’யா? ‘ழகு’ இல்லாதது அழகா? இதைவிடப் பெரிய வம்பு சுட்டெழுத்து. ‘அந்த நீதி’ என்ற பொருளில் சேர்த்தால் ஒற்று மிகுந்து அந்நீதி. மறுப்பாகச் சேர்த்தால் மிகாமல் அநீதி. நடுவில் நிற்பது ஒரே ஒரு ‘ந்’. அதைச் சொல்லாமல் என்ன பாடம்?

மணிப்புறா:
ஐயா, ‘அந்நீதி’ என்று எந்தக் குழந்தை எழுதுகிறது? நான் சொன்னது ஒரு விளையாட்டு. நியாயம், தர்மம், சாத்தியம் என்று சில அட்டைகள், தனியாக ஓர் ‘அ’ அட்டை. என் மகள் ஒட்டிப் பார்த்துத் தானே கண்டுபிடித்தாள். அமைதியை நான் அட்டையில் வைக்கவே இல்லை.

கரும்பலகை:
வைக்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு. பொருந்துவதை மட்டும் பொறுக்கி வைத்துக்கொண்டு விதி என்கிறீர்கள். அந்நாள், அந்நிலை, அந்நாடு என்று அச்சில் தினமும் வருகிறது. நாளையே உங்கள் மகள் அந்நாடு என்றால் நாடு அல்லாதது என்பாள். ஒரு ‘ந்’ அம்மா, ஒரு ‘ந்’!

மணிப்புறா:
அப்படியானால் அந்நியர் என்பவர் ‘அந்த நியர்’ ஆகிவிடுவாரே? அங்கேயும் உங்கள் ‘ந்’ மிகுந்துதானே நிற்கிறது?

கரும்பலகை:
அது வடசொல். அன்னியர் என்று எழுதிவிட்டால் சிக்கலே இல்லை. அனாவசியமாகக் குழப்பாதீர்கள்.

வேர்ச்சொல்:
அநாவசியம், ஐயா. ‘ந’. ஊருக்கெல்லாம் ஒற்றுப் பாடம் எடுப்பவர் இதைக் கவனித்திருக்கலாம். எப்படி எழுதினாலும் கடன் வாங்கிய சொல் என்பது வேறு விஷயம். இந்த மறுப்பு ‘அ’வே வடமொழியோடு வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் மறுப்பு பின்னால்தான் வரும்: நீதியின்மை, பயனற்ற, செய்யாத. முன்னொட்டு என்பதே நமக்குக் கிடையாது.

மணிப்புறா:
மறுவாழ்வு, முன்பணம், துணைவேந்தர், மீயொலி எல்லாம் வானத்திலிருந்து விழுந்தனவா?

வேர்ச்சொல்:
அவை இரண்டு சொற்கள் சேர்ந்த தொகைகள். ஒட்டு வேறு, சொல் வேறு.

நடுத்திண்ணை:
முன்னொட்டு என்று எதைச் சொல்கிறோம் என முதலில் முடிவு செய்துகொண்டால் பாதிச் சண்டை குறையும் அல்லவா?

கரும்பலகை:
முடிவெல்லாம் இருக்கட்டும். அநாவசியமா அனாவசியமா என்று என்னிடமே கேட்கிறார்! மறுப்பு ‘அ’வின் இன்னொரு வடிவமான ‘அன்’ சேர்ந்து வந்த சொல்லில் ‘ன’ வராமல் வேறு எது வரும்? போன மாதம் ‘ஒரு’, ‘ஓர்’ திரியில் தோற்ற கணக்கை வேர்ச்சொல் இங்கே வந்து தீர்க்கிறார். முன்னால் எதுவும் வராது என்கிறாரே, நன்னூல் மிகுதிக்குச் சொல்லும் ஆறு உரிச்சொற்களை மறந்துவிட்டாரா? சால, உறு, தவ, நனி, கூர், கழி. கழிபேருவகையில் ‘கழி’ எங்கே நிற்கிறது, பின்னாலா?

வேர்ச்சொல்:
அந்தத் திரியில் நான் தோற்கவில்லை. பதில் எழுதுவதை நிறுத்தினேன், அவ்வளவுதான். ‘உரிச்சொல்’ என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். சொல்தான், ஒட்டு அல்ல. என் வேலையை முடித்துக் கொடுத்ததற்கு நன்றி.

மணிப்புறா:
இந்த இலக்கணப் போருக்கு நடுவில் குழந்தை என்ற ஒன்று இருப்பது யாருக்காவது நினைவிருக்கிறதா? சென்ற வாரம் ‘மறு’ அட்டை எடுத்தோம். மறுவாழ்வு, மறுபிறவி, மறுபயன்பாடு எல்லாம் கடகடவென்று சொன்னாள். மறுநாள் வந்ததும் நின்றுவிட்டாள். “அதே நாள் திரும்பி வருமா அம்மா?” என்றாள். ‘மறு’ என்றால் திரும்பவும் என்று மட்டுமல்ல, அடுத்தது, மற்றொன்று என்றும் பொருள் உண்டு என அரை மணி நேரம் பேசினோம். மறுகரையை அவளே கொண்டுவந்து சேர்த்தாள். தவறினால்தான் இந்தப் பேச்சே வந்தது.

கரும்பலகை:
நேற்று ஐந்து நிமிடம், இன்று அரை மணி நேரம். குறித்துக்கொள்கிறேன்.

இரவுப்பறவை:
‘மைதி’யைப் பார்த்துச் சிரிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. வடமொழியில் அசுரர்தான் பழைய சொல். முதல் எழுத்தை மறுப்பு ‘அ’ என்று தவறாக எண்ணி வெட்டியதில் பிறகு பிறந்ததுதான் தேவர்களைக் குறிக்கும் சுரர். பெரிய பண்டிதர்கள் செய்ததைத்தான் எட்டு வயதுக் குழந்தையும் செய்யும்.

மணிப்புறா:
கேட்டீர்களா, ஐயா?

கரும்பலகை:
கேட்டேன். அசுரரில் ஒற்று மிகவில்லை. நான் கேட்டது ஒற்றைப் பற்றி. அந்நீதிக்கும் அநீதிக்கும் உள்ள வேறுபாட்டை உங்கள் அட்டை எப்படிக் காட்டும்? முதல் பதிவிலிருந்து கேட்கிறேன், ஒருவரும் தொடவில்லை.

மணிப்புறா:
‘ந்’ என்று ஓர் அட்டை செய்து உங்களுக்கே அனுப்பி வைக்கிறேன்.

வேர்ச்சொல்:
அனுப்பும்போது ‘ந’ அட்டை ஒன்றும் சேர்த்து அனுப்புங்கள். அநாவசியத்துக்கு உதவும்.

கரும்பலகை:
அனாவசியம்!