ஒளி-ஒலி அறைக்குள் எவ்வளவு நேரம் இருக்கணும், எங்கே நிற்கணும்?

கேள்வி:
அறை முழுக்க ஒளியும் ஒலியும் நிரப்பும் இன்ஸ்டலேஷன் கலைப் படைப்புகளில் பலர் ஐந்து நிமிஷத்தில் "ஒண்ணுமே இல்லையே" என்று வெளியே வந்துவிடுகிறார்கள். எத்தனை நிமிஷம் ஒதுக்குவது? நிற்கிற இடத்துக்குக் கணக்கு உண்டா? ஸ்ட்ரோப் (விட்டுவிட்டு வேகமாகப் பளிச்சிடும் விளக்கு) எச்சரிக்கையை எவ்வளவு பொருட்படுத்தணும்?

பதில் 1:
இருட்டறை என்றால் ஐந்து நிமிஷம் எந்த மூலைக்கு! கண்ணில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் சுமார் 10 நிமிஷத்தில் பழகிவிடும். மங்கல் வெளிச்சத்தைப் பிடிக்கும் குச்சி செல்களுக்கு 20 முதல் 30 நிமிஷம் வேண்டும். நடுவில் போன் திரையைப் பார்த்தால் பழகியதில் பெரும்பகுதி போச்சு. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 'மேட்ரஸ் ஃபேக்டரி' என்ற கலை அருங்காட்சியகத்தில் உள்ள, ஒளிக் கலைஞர் ஜேம்ஸ் டரலின் 'பிளியடீஸ்' இருட்டறை (1983) இந்தக் காத்திருப்பை நம்பியே இருக்கிறது. மங்கிய வடிவத்தை நேராக முறைக்காமல் சற்று ஓரமாகப் பாருங்கள். பார்வையின் நட்டநடுவில் குச்சி செல்களே கிடையாது.

பதில் 2:
ஒலிக்கு நேர் எதிர்: ஒரே இடத்தில் நின்றால் பாதி போய்விடும். மாறாமல் நீளும் சுரம் சுவர்களில் பட்டுத் திரும்பி நிலை அலையாகும், அதாவது சில இடங்களில் உரக்கவும் சில இடங்களில் அடங்கியும் கேட்கும். 50 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 6.9 மீட்டர். உரக்கக் கேட்கும் இடத்துக்கும் அடங்கும் இடத்துக்கும் இடைவெளி அதில் கால்வாசி, 1.7 மீட்டர், இரண்டு மூன்று எட்டுதான். 1000 ஹெர்ட்ஸில் அது 9 செ.மீ.கூட இல்லை, தலையை அசைத்தாலே மாறும். நியூயார்க்கில் இசையமைப்பாளர் லா மான்டே யங், கலைஞர் மரியன் ஜஸீலா இருவரும் அமைத்த 'ட்ரீம் ஹவுஸ்' ஒளி-ஒலி அறை இப்படித்தான் இயங்குகிறது. மூலைகளில் பேஸ் (தாழ்ந்த சுர ஒலி) வீங்கும், அதை வைத்துப் படைப்பை எடை போடாதீர்கள். 100 டெசிபலில் காதுக்குப் பாதுகாப்பான நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிஷம்தான், காதடைப்பான் எடுத்துப் போங்கள்.

பதில் 3:
ஸ்ட்ரோப் எச்சரிக்கைப் பலகை சும்மா சம்பிரதாயம் இல்லை. நொடிக்கு 3 முதல் 30 தடவை வரை பளிச்சிடும் ஒளி வலிப்பைக் கொண்டுவரலாம். 15-25 ரொம்ப மோசம். இதற்கு முன் வலிப்பே வராதவர்களுக்கும், குறிப்பாகச் சிறுவர்களுக்கு, வரலாம். கண்ணை மூடினால் போதாது, இமை வழியே வெளிச்சம் நுழையும். ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுசாகப் பொத்திக்கொண்டு, முகத்தைத் திருப்பி வெளியேறணும்.

கேட்டவர்:
நன்றி. ரோஸ் நிற அறையிலிருந்து வெளியே வந்தால் வெள்ளைச் சுவர் பச்சையாகத் தெரிகிறதே?

பதில் 1:
சிவப்புக்கு எதிர்வினை காட்டும் கூம்பு செல்கள் களைத்துப்போவதுதான் காரணம். சில நிமிஷத்தில் தெளிந்துவிடும். அதுவரை அடுத்த அறைக்குள் போகாதீர்கள், அதன் நிறம் தப்பாகத் தெரியும்.