கணிதம் எடுக்காதவருக்கு பி.எஸ்சி. இயற்பியலில் இடம் தரலாமா?

இளவேனில்:
என் தங்கை பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல். கணிதம் இல்லை. ஆசைப்பட்டு எடுத்த குரூப் இல்லை இது, அந்த வருடம் எங்கள் ஊர்ப் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இல்லாததால் முதல் குரூப்பே தொடங்கவில்லை. இயற்பியலில் 94 வாங்கியிருக்கிறாள், படித்தால் அதுதான் படிப்பேன் என்று நிற்கிறாள். நேற்று ஒரு கல்லூரிக்குப் போனோம். மேசையில் இருந்தவர் மதிப்பெண் பட்டியலில் மேலிருந்து கீழே விரலை ஓட்டிவிட்டு, "மேத்ஸ் இல்லையேம்மா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இது நியாயமா?

ஊசல்:
தம்பி, கல்லூரியில் இயற்பியல் நடத்துபவன் நான். விதி சரிதான். முதல் செமஸ்டரிலேயே சுருள்வில்லில் தொங்கும் எடையை இழுத்து விட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். விசை இடப்பெயர்ச்சிக்கு எதிர்த்திசையில் இருக்கிறது, முடுக்கம் என்பது இடப்பெயர்ச்சியின் இரண்டாம் வகைக்கெழு (வகைக்கெழு என்றால் மாறும் வீதம்), இரண்டையும் சேர்த்தால் ஒரு வகைக்கெழுச் சமன்பாடு. அதற்குத் தீர்வாக சைன், கொசைன் வரும் என்பது புரியாதவருக்கு அடுத்த மூன்று வருடமும் மனப்பாடம்தான். கணிதம் இல்லாமல் சேர்ந்த ஒரு மாணவர் வகைக்கெழுவைக் குறிக்கும் டிஒய் பை டிஎக்ஸில் (dy/dx) மேலும் கீழும் இருந்த 'டி'யை அடித்துவிட்டு ஒய் பை எக்ஸ் என்று எழுதியதை நானே திருத்தியிருக்கிறேன். அவர் அறிவில் குறை இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை. இரண்டாம் வருடம் அவர் படிப்பை விட்டுப் போனது இன்னும் மனதை உறுத்துகிறது.

செம்பருத்தி:
யாரும் சொல்லித் தரவில்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள் சார். அப்புறம் ஏன் அந்தப் பிள்ளைக்குத் தண்டனை? நான் மேல்நிலை வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். பிளஸ் ஒன் இயற்பியல் புத்தகத்தில் இயக்கவியல் பாடத்துக்குள்ளேயே வெக்டரும் வகையிடலும் இருக்கின்றன, கணிதம் எடுக்காத பிள்ளைகளும் அதே புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். கல்லூரியிலும் முதல் வருடம் துணைப்பாடமாகக் கணிதம் வைக்கிறீர்கள். அதற்கு முன்னால் இரண்டு மாதம் அடிப்படை வகுப்பு நடத்தினால் என்ன குறைந்துவிடும்? மின்சாரத்தையும் காந்தத்தையும் ஆராய்ந்த பெரிய விஞ்ஞானி ஃபாரடேக்கு உயர்கணிதம் தெரியாது. 1857இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல்லுக்குக் கடிதம் எழுதி, கணக்கில் கண்ட முடிவுகளைச் சாதாரண மொழியிலும் சொல்லக் கூடாதா என்று கேட்டவர் அவர்.

ஊசல்:
ஃபாரடேயைச் சொன்னால் மேக்ஸ்வெல்லையும் சேர்த்துச் சொல்லுங்கள் டீச்சர். விசைக்கோடுகளை மனக்கண்ணில் பார்த்தவர் ஃபாரடே. ஒளியும் மின்காந்த அலைதான் என்ற இடத்துக்கு மேக்ஸ்வெல் சமன்பாடு எழுதிக் கணக்குப் போட்டுத்தான் வர முடிந்தது. அப்புறம், இரண்டு மாத வகுப்பு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டு வருடக் கணக்கை, அதுவும் முக்கோணவியலில் தொடங்கி, இரண்டு மாதத்தில் முடிக்க முடியாது. 60 பேர் வகுப்பில் 5 பேருக்காக நான் வேகத்தைக் குறைத்தால் மீதி 55 பேருக்கு என்ன பதில் சொல்வது?

செம்பருத்தி:
பக்கத்தில் திருப்பதியில் ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம்) இருக்கிறது. ஐசர் நுழைவுத் தேர்வில் உயிரியல், வேதியியல், கணிதம், இயற்பியல் நான்கிலும் 15 கேள்விகள், மொத்தம் 60. இந்த நான்கில் மூன்றை பிளஸ் டூவில் படித்திருந்தாலே எழுதலாம், கணிதம் எடுக்காதவரும் எழுதலாம். உள்ளே போனபின் முதல் வருடம் எல்லோருக்கும் கணிதம் கட்டாயம். பாடத்தின் தரத்தில் ஒரு துளியும் குறைக்கவில்லை, வாசலில் மட்டும் மறிக்கவில்லை. நம் கல்லூரிகளிலும் ஒரு தகுதித் தேர்வு வையுங்கள், தேறினால் சேருங்கள், இல்லாவிட்டால் அனுப்புங்கள். வாத்தியார் இல்லாத பள்ளியில் படித்த பிள்ளைக்கு அந்த ஒரு தேர்வு எழுதும் உரிமைகூடவா கிடையாது?

பாலாறு:
விவாதம் நடக்கட்டும். இளவேனில், இந்த வருடத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பிளஸ் டூ முடித்தவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் கணிதத்தை மட்டும் தனியாக எழுதலாம், பாட எண் 311. என் அக்கா மகன் அப்படித்தான் எழுதினான். ஒரு வருடம் போகும், போகட்டும். ஆனால் பணம் கட்டுவதற்கு முன் சேரப்போகும் கல்லூரியில் அந்தச் சான்றிதழை ஏற்பார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், வாய்வார்த்தையை நம்பாதீர்கள்.

இளவேனில்:
எல்லாவற்றையும் அவளிடம் படித்துக் காட்டினேன். பழைய பிளஸ் ஒன் புத்தகத்தைத் தேடி எடுத்து டீச்சர் சொன்ன பக்கத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பகுதியை வகுப்பில் நடத்தாமலே தாண்டிவிட்டார்களாம். ஊசல் சாரிடம் ஒன்று கேட்கச் சொல்கிறாள்: வகைக்கெழு காணும் கணக்கில், வகுக்கும்போது டெல்டா எக்ஸ், அதாவது எக்ஸில் வரும் சிறு மாற்றம், பூஜ்யம் இல்லை என்கிறார்கள், கடைசி வரியில் அதையே பூஜ்யம் என்று வைத்து விட்டுவிடுகிறார்கள், ஒரே கணக்கில் இரண்டும் எப்படிச் சரியாகும்?

ஊசல்:
என் வகுப்பில் முதல் குரூப் மாணவர்கள்கூட இதைக் கேட்டதில்லை தம்பி. பிளஸ் ஒன் கணக்குப் புத்தகம் இரண்டாம் தொகுதியில் எல்லைகளும் தொடர்ச்சித்தன்மையும் என்ற பாடம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். டெல்டா எக்ஸைப் பூஜ்யமாக வைப்பதில்லை, பூஜ்யத்தை நெருங்க நெருங்க அந்த விகிதம் எதை நெருங்குகிறது என்று பார்க்கிறோம், முழு விளக்கமும் அதில் வரும். விதியைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. பாலாறு சொன்ன தேர்வுக்கு அவர் படிப்பதாக இருந்தால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் சொல்லித் தருகிறேன், தனிச்செய்தியில் எழுதுங்கள்.