பழைய சரக்குக் கப்பல்களைப் படமெடுத்தவங்க வாங்க, அனுபவத்தைச் சொல்லுங்க

குழித்துறையான்:

விழிஞ்ஞத்துக்குப் பெரிய கன்டெய்னர்த் தாய்க்கப்பல்கள் வர ஆரம்பிச்ச பிறகு நம்ம பக்கத்துப் பிள்ளைகள் கேமராவைத் தூக்கிக்கிட்டுக் களியக்காவிளை தாண்டி ஓடுறாங்க. 2024 ஜூலையில் சான் பெர்னாண்டோ கப்பல் வந்தப்போ நானும் போனேன். சந்தோஷம்தான். ஆனா எனக்குப் பிடிச்சது அதுக்கு முந்தின தலைமுறைக் கப்பல். மேல்தளத்துல வரிசையா சரக்கு தூக்குற டெரிக் கம்பங்கள், நாலஞ்சு ஹாட்ச் (சரக்கறையோட வாய்), பின்பக்கம் தள்ளி வெள்ளையா ஒரு மாடிக் கட்டடம். கரையில கிரேனே இல்லாத துறைக்கும் போயி, தன் சரக்கைத் தானே இறக்கிட்டு வர்ற கப்பல்கள் அவை. ஆசியத் துறைமுகம் எதுலயாவது அப்படி ஒண்ணைக் கிட்டத்துல பார்த்து எடுத்திருந்தீங்கன்னா எழுதுங்க. என்னோடதை முதல்ல சொல்லிடுறேன்.

கொச்சியில வேலை பார்த்த காலம், 2000களின் கடைசி. ஃபோர்ட் கொச்சிக்கும் வைப்பினுக்கும் நடுவுல வண்டியும் ஆளும் ஏத்துற ஜங்கார்ப் படகு ஓடுமே, அந்தக் கடவுதான் துறைமுகத்துக்கே வாசல். உள்ளே வர்ற எந்தக் கப்பலும் சீன வலைகளை ஒட்டித்தான் வரணும். கப்பல் வந்தா ஜங்கார் ஒதுங்கி நிற்கும். காலையில நாங்க நடுவுல நிற்கும்போது ஒரு பழைய கப்பல் காலியா உள்ளே வந்தது. காலியா இருந்ததால தண்ணிக்கு மேலே சிவப்புப் பெயின்ட் உயரமா தெரிஞ்சது. பின்னால புரொப்பெல்லரோட இதழ் நுனி வெளியே வந்து தண்ணியை அடிச்சுக்கிட்டு இருந்தது. சரக்கு ஏத்தின கப்பல்ல அந்தக் காட்சி கிடைக்காது.

நான் சொல்ல வந்தது அதோட பின்புறத்தைப் பத்தி. பெயர் புதுசா வெள்ளையில எழுதியிருந்தது. காலை வெயில் சாய்வா விழுந்ததால, அந்த எழுத்துக்கு அடியில வேற எழுத்துகள் மேடா நிழல் காட்டுச்சு. கப்பல் கட்டும்போது பெயரை இரும்பு வெல்டிங்லயே எழுதிடுவாங்க. கை மாறும்போது புதுப் பெயரைப் பெயின்ட்ல எழுதினாலும், பல முதலாளிகள் பழைய எழுத்தை அரைச்சு எடுக்கிறதில்லை. உச்சி வெயில்ல இது கண்ணுக்கே தெரியாது. காலையிலயோ சாயங்காலமோ பக்கவாட்டு வெளிச்சத்துல மட்டும் தெரியும். அன்னைக்கு முழுக் கப்பலும் அடங்குற மாதிரி எடுத்த படம் எல்லாரும் எடுக்கிற படம்தான். அந்தப் பின்புறத்தை நெருக்கி எடுத்த படம்தான் இன்னைக்கும் எனக்கு முக்கியம். அந்தக் கப்பலோட முந்தின வாழ்க்கை முழுசையும் அதை வச்சுத்தான் தேடிக் கண்டுபிடிச்சேன்.

அதனால என் வேண்டுகோள் ஒண்ணே ஒண்ணு. அழகான படம் ஒண்ணு எடுத்துட்டு விட்டுடாதீங்க. பின்புறம், பெயர், பதிவுத் துறைமுகம், ஐ.எம்.ஓ. எண் (பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு முறைப்படி ஒவ்வொரு கப்பலுக்கும் இருக்கிற அடையாள எண்) எல்லாத்தையும் எடுங்க. பெயரும் கொடியும் எத்தனை தடவை மாறினாலும் அந்த ஏழு இலக்க எண் கப்பல் உடையுற வரைக்கும் மாறாது. 1996 முதல் அது கட்டாயம். 2004 ஜூலையில வந்த விதிப்படி கப்பலோட உடம்புலயே நிரந்தரமா பொறிச்சிருக்கணும்.

தூத்தூர் கடலோடி:

அண்ணே, நாங்க கொச்சி தோப்பும்படியில இருந்து தங்குகடல் போறவங்க, நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கிறவங்க. நீங்க கரையில நின்னு பாக்கிற கப்பலை நாங்க நடுக்கடல்ல ராத்திரி பாக்கிறோம். பகல்ல எடுத்த படம் எங்க போன்ல நிறைய கிடக்கு. பழைய கப்பல்னா தூரத்துலயே தெரியும், கம்பம் கம்பமா நிற்கும். ஆனா ராத்திரியில படம் எடுக்கிற நினைப்பே வராது. ரெண்டு வெள்ளை விளக்கு மேல கீழ ஒரே நேரா வந்து, சிவப்பும் பச்சையும் ரெண்டும் சேர்ந்து தெரிஞ்சா கப்பல் நம்ம மேலதான் வருதுன்னு அர்த்தம். 2018 ஆகஸ்டுல முனம்பத்துல இருந்து போன போட்டுல கப்பல் மோதி நம்ம மாவட்டத்து ஆட்கள் செத்தது உங்களுக்குத் தெரியும். கப்பலை ரசிக்கிறவங்க அதையும் மனசுல வச்சுக்கிடணும். இது கோபமில்ல அண்ணே. எனக்க பிள்ளைக்கும் கப்பல் படம்னா உயிரு.

ஓய்வுபெற்ற போசன், குளச்சல்:

தம்பி தூத்தூர், சரியாச் சொன்னீங்க. மேல்தள ஆட்களை நடத்துற போசனா இருந்தவன் சொல்றேன், கப்பல்ல விழிப்பா நிற்க வேண்டியது எங்க கடமை.

குழித்துறையார் டெரிக் பத்தி எழுதினதால எனக்குக் கை துடிக்குது. எஸ்.டி.14 ரகக் கப்பல்ல வேலை பார்த்தவன் நான். இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கா 2,710 லிபர்ட்டி கப்பல் கட்டித் தள்ளுச்சு. போர் முடிஞ்சு அதுகளுக்கு வயசான பிறகு, அந்த இடத்துக்குன்னு இங்கிலாந்துல சண்டர்லேண்ட்ல வரைஞ்சது எஸ்.டி.14. முதல் கப்பல் 1968ல கைக்கு வந்தது. கிரீஸ், பிரேசில், அர்ஜென்டினாவுலயும் கட்டினாங்க, மொத்தம் 211. அஞ்சு ஹோல்டு, அதாவது சரக்கறை, நாலு முன்னால, ஒண்ணு கட்டடத்துக்குப் பின்னால. அடையாளம் காண இது போதும்.

படம் எடுக்கிறவங்க கவனிக்க வேண்டியது டெரிக் நிற்கிற விதம். கப்பல் கடல்ல போகும்போது எல்லா டெரிக்கும் படுத்துக் கிடக்கும். அது தூங்குற கப்பல். துறைமுகத்துல வேலை நடக்கும்போது ஜோடி ஜோடியா நிற்கும். ஒண்ணு ஹாட்சுக்கு நேர் மேல, இன்னொண்ணு கப்பல் விளிம்புக்கு வெளியே, சரக்கு இறக்குற கரை மேடைக்கு நேரா. ரெண்டோட கம்பிவடமும் ஒரே கொக்கியில வந்து சேரும். யூனியன் பர்ச்சேஸ்னு சொல்லுவோம். உள்ளே இருக்கிற வின்ச் (வடம் சுத்துற எந்திரம்) தூக்கும், வெளியே இருக்கிறது இழுக்கும், உள்ளது மெல்ல விட்டுக்கொடுக்கும். டெரிக் அசையவே அசையாது, மூட்டை மட்டும் காத்துல குறுக்கே நடந்து போகும். ரெண்டு வின்ச்காரனுக்கும் ஒரே மூச்சு இருக்கணும். வடம் ரெண்டும் விரிஞ்சு கோணம் அதிகமானா இழுவிசை ஏறி வடம் அறுந்துடும். ஹாட்ச் ஓரத்துல நிற்கிற ஆளு கையை அசைச்சுச் சைகை காட்டுவான், அவன் கையைத்தான் வின்ச்காரன் பார்த்துக்கிட்டே இருப்பான்.

அந்தக் கையை யாரும் படம் எடுக்கல. சிட்டகாங், பாம்பே, சிங்கப்பூர்னு எத்தனையோ துறையில வேலை செஞ்சோம். கரையில இருந்து எடுத்தவங்க எல்லாரும் கப்பலை எடுத்தாங்க, ஆளை எடுக்கல. எண்ணும் பெயரும் வேணும்தான். அதுக்கு மேல, வேலை நடக்கிறப்போ எடுங்க, ஆட்களோட எடுங்க.

குழித்துறையான்:

ஐயா, ஒத்துக்கிறேன். ஆனா வேலை நடக்கிற பெர்த், அதாவது கப்பல் கட்டி நிற்கிற மேடைப் பக்கம் இப்போ வெளியாளு போக முடியாதே. 2004 ஜூலையில பன்னாட்டுத் துறைமுகப் பாதுகாப்பு விதி அமலுக்கு வந்த பிறகு வேலியும் பாஸும்தான். கொச்சியில கடற்படைத் தளமும் ஒட்டியே இருக்கு, அந்தப் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. நமக்குக் கிடைக்கிறது பொதுமக்கள் போற படகு மட்டும்தான்.

பாறசாலை – சிங்கப்பூர்:

படகே போதும்னு நான் சொல்றேன். சிங்கப்பூர்ல மரீனா சவுத் பியர்ல இருந்து கூசு தீவுக்கும் செயின்ட் ஜான்ஸ் தீவுக்கும் ஃபெர்ரி போகும். வழியில நங்கூரம் போட்டு நிற்கிற கப்பல்களைப் பார்த்துக்கிட்டே போகலாம். பெரும்பாலும் புதுசுதான், ஆனா நடுவுல டெரிக் வச்ச சின்னக் கிழக் கப்பல் ஒண்ணு மாட்டும். முதல் ஃபெர்ரியில போங்க. வெயில் ஏற ஏறத் தண்ணியில இருந்து எழுற அனல் படத்தைக் கலைச்சிடும், எவ்வளவு விலையுள்ள லென்சும் உதவாது. லென்சைக் கம்பியில சாய்ச்சு வைக்காதீங்க, எஞ்சின் அதிர்வு ஏறும். கையில பிடிச்சு முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நில்லுங்க, ஷட்டர் வேகம் ஒரு நொடியில ஆயிரத்துல ஒரு பங்கு, இல்லைன்னா அதைவிட வேகமா வையுங்க. போலரைசர் போட்டா தண்ணிப் பளபளப்பு குறைஞ்சு துருவோட நிறம் வரும். பழைய கப்பலுக்குத் துருதான் அழகு.

மரம் செஞ்ச சரக்குக் கப்பல் வேணும்னா ஜகார்த்தா சுந்தா கெலாப்பா போங்க. பினிசிப் படகுகள் மூக்கைக் கரைப் பக்கம் நீட்டி வரிசையா நிற்கும், சிமென்ட் மூட்டையைத் தோள்ல சுமந்து ஏத்துவாங்க. போசன் ஐயா கேட்ட மனுஷப் படம் அங்கே கிடைக்கும். கேட்டுட்டு எடுங்க, சிரிச்சுக்கிட்டே நிற்பாங்க.

வலியதுறைத் தமிழன்:

திருவனந்தபுரத்துல எங்க வலியதுறைக் கடல்பாலத்துல ஒரு காலத்துல வெளிநாட்டுச் சரக்கு இறங்கினது. பழைய இரும்புப் பாலத்துல 1947ல கப்பல் மோதி அது உடைஞ்சது, 1956ல புதுசு கட்டினாங்க, அதுவும் கடலரிப்புல சாய்ஞ்சு 2024ல ரெண்டாப் பிளந்துடுச்சு. பாலத்தோட படம் ஆயிரம் இருக்கு. அங்கே வந்து நின்ன கப்பல்களோட படத்தைத் தேடித் தேடிப் பார்க்கிறேன், கைக்கு வரமாட்டேங்குது. யார் வீட்டுப் பழைய ஆல்பத்துலயாவது இருந்தா, தாத்தா பின்னால கப்பல் தெரிஞ்சாக்கூடப் போதும், போடுங்க.

ஓய்வுபெற்ற போசன், குளச்சல்:

குளச்சலுக்கும் அதே நிலைமைதான். மணவாளக்குறிச்சித் தாது மணலை ஏத்த வர்ற கப்பல் வெளிக்கடல்ல நிற்கும், வள்ளத்துல மூட்டை போகும். என்கிட்ட சிறுசா ஒரு படம் கிடக்கு. ஸ்கேன் பண்ணித் தர்றேன். கப்பல் பெயர் பாதிதான் தெரியுது.

குழித்துறையான்:

ஐயா, கண்டிப்பா போடுங்க. பாதிப் பெயர், புகைப்போக்கி நிறம், ஹாட்ச் எண்ணிக்கை மூணும் இருந்தா தேடலாம். புதுப் படம் போடுறவங்களுக்கு ஒரு சின்ன உபாயம். மங்கலான படத்துல ஐ.எம்.ஓ. எண்ணைச் சரியாப் படிச்சோமான்னு கணக்குப் போட்டே பார்த்துக்கலாம். முதல் ஆறு இலக்கத்தையும் வரிசையா 7, 6, 5, 4, 3, 2ஆல பெருக்கிக் கூட்டுங்க. கூட்டுத்தொகையோட கடைசி இலக்கமும் எண்ணோட ஏழாவது இலக்கமும் ஒண்ணா இருக்கணும். 9074729 எடுத்துக்கிட்டா கூட்டுத்தொகை 139, கடைசி இலக்கம் 9, பொருந்துது. பொருந்தலைன்னா ஏதோ ஒரு இலக்கத்தை மாத்திப் படிச்சிருக்கீங்க, திரும்பப் பெரிசாக்கிப் பாருங்க. எண்ணோட, எடுத்த இடம், தேதி மூணையும் படத்துக்குக் கீழேயே எழுதிடுங்க.