மொகுசாட்சு: ஹிரோஷிமாவுக்குக் காரணம் ஒரு மொழிபெயர்ப்பா?

வைகைக்கரை:
மொழிபெயர்ப்பு பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு 1945 ஜூலையைத்தான் காட்டுவேன். 26ஆம் தேதி அமெரிக்கா, பிரிட்டன், சீனா மூன்றும் போட்ஸ்டாம் பிரகடனத்தை வெளியிட்டன. ஜப்பான் படைகள் நிபந்தனையின்றிச் சரணடைய வேண்டும், இல்லையென்றால் உடனடியாக முழு அழிவு என்பது அதன் சாரம். 28ஆம் தேதி பிரதமர் சுசூகி கந்தாரோ, அதை 'மொகுசாட்சு' செய்யப்போவதாகச் செய்தியாளர்களிடம் சொன்னார். மொகு என்றால் மௌனம், சாட்சு என்றால் கொல்வது. 'இப்போதைக்கு எதுவும் சொல்வதற்கில்லை' என்றும் கொள்ளலாம், 'ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை' என்றும் கொள்ளலாம். ஜப்பானின் டோமேய் செய்தி நிறுவனம் ஆங்கிலத்தில் இரண்டாவது பொருள்படத்தான் அனுப்பியது. 'ஜப்பான் நிராகரித்தது' என்று அமெரிக்க நாளேடுகள் எழுதின. ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவில் குண்டு விழுந்தது. அந்தச் சொல்லைச் சரியாகப் பெயர்த்திருந்தால் அத்தனை உயிர்களும் தப்பியிருக்க வழி இருந்தது என்று நம்புகிறேன்.

கோடைமழை:
இந்தக் கதை பரவுவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. தேதிகளைப் பாருங்கள். அமெரிக்க விமானப்படைத் தளபதி ஸ்பாட்ஸுக்கு எழுத்துமூல உத்தரவு போனது ஜூலை 25. ஆகஸ்ட் 3க்குப் பிறகு வானிலை இடம்கொடுத்ததும் ஹிரோஷிமா, கொக்குரா, நீகாட்டா, நாகசாகி ஆகிய நான்கில் ஒன்றின்மேல் குண்டு போட வேண்டும் என்பதே உத்தரவு. அன்றைக்குப் பிரகடனமே வெளிவரவில்லை. சுசூகி வாய் திறப்பதற்கு மூன்று நாள் முன்பே எழுதிய உத்தரவுக்கு அவர் வாயிலிருந்து வந்த சொல் எப்படிக் காரணமாகும்?

வைகைக்கரை:
உத்தரவு தயாராக இருந்தது சரி. ஆனால் ஜப்பானின் பதில் ஏற்கும்படி இருப்பதாகத் தான் சொல்லாதவரை அது நடப்பில் இருக்கும் என்று போர்த்துறை அமைச்சர் ஸ்டிம்சனிடம் சொல்லிவைத்திருந்ததாக அமெரிக்க அதிபர் ட்ரூமனே தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். நிறுத்த வழி இருந்தது என்றுதானே அர்த்தம்?

கோடைமழை:
'ஏற்கும்படியான பதில்' என்பதை இன்னொரு முறை படியுங்கள். 'எதுவும் சொல்வதற்கில்லை' என்பது ஏற்பா? உங்கள் நல்ல மொழிபெயர்ப்பே போயிருந்தாலும் குண்டு விழுந்திருக்கும்.

அப்புறம், சுசூகி அந்த ஒரு சொல்லோடு நிறுத்தவில்லை. இது அதே மூன்று நாடுகள் 1943இல் வெளியிட்ட பழைய கெய்ரோ பிரகடனத்தையே திரும்பச் சொல்வது, இதற்குப் பெரிய மதிப்பு எதுவும் இல்லை, போரை இறுதிவரை நடத்துவோம் என்றும் அவர் சொன்னதாகத்தான் ஜப்பான் நாளேடுகளில் வந்தது. இந்த வரிகளுக்கு நடுவே வரும் மொகுசாட்சுவை எந்த மொழிபெயர்ப்பாளர் 'கருத்துச் சொல்லவில்லை' என்று பெயர்ப்பார்?

நான் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவள். சாட்சி குழப்பமாகப் பேசினால் அந்தக் குழப்பத்தை அப்படியே கொடுப்பதுதான் எங்கள் கடமை. எனக்கு வலிப்பது அதனால்தான். குண்டு போட முடிவெடுத்தவர்கள் இருக்கிறார்கள், சமாதானத்தைத் தள்ளிப்போட்டவர்கள் இருக்கிறார்கள். பழியை மட்டும் டோமேய் அலுவலகத்தில் இருந்த, நமக்குப் பெயர்கூடத் தெரியாத ஒருவர் தலையில் கட்டுகிறோம்.

தென்றல்நாடன்:
தோழி சொல்வதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். அதற்காக அந்த வாரங்களில் மொழிபெயர்ப்புக்கு வேலையே இல்லை என்று விட்டுவிட முடியாது. ஆகஸ்ட் 10 அன்று ஜப்பான், பேரரசரின் உரிமைகளுக்குப் பங்கம் வராமல் இருந்தால் சரணடைவதாகச் சொன்னது. அமெரிக்காவின் பதில் 12ஆம் தேதி டோக்கியோவுக்கு வந்தது. பேரரசரின் அதிகாரம் நேச நாடுகளின் தலைமைத் தளபதிக்குக் கீழ்ப்பட்டது என்று அதில் இருந்தது. ஜப்பான் வெளியுறவு அமைச்சகம் அதை 'கட்டுப்பாட்டின் கீழ் வைக்கப்படும்' என்று மென்மையாகப் பெயர்த்தது. ராணுவம் தனியாகப் பெயர்த்து, 'ரெய்ஸோகு' என்ற சொல்லைப் போட்டது, கிட்டத்தட்ட அடிமைப்படுவது என்ற பொருளில். பேரரசரை அடிமையாக்கும் பதிலை ஏற்கக்கூடாது என்று தளபதிகள் கொதித்தார்கள். போர் முடிய வேண்டும் என்று நினைத்த அதிகாரிகள் வேண்டுமென்றே மென்மையான சொல்லைத் தேர்ந்தார்கள். அவர்களை நான் மதிக்கிறேன். வைகைக்கரை அண்ணா ஜூலையை விட்டு இந்த ஆகஸ்டைக் காட்டியிருந்தால் அவர் வாதம் வலுவாக நின்றிருக்கும்.

கோடைமழை:
அமைச்சகம் செய்ததை என்னால் மெச்ச முடியவில்லை. மூலத்தில் இருந்த கடுமையைக் குறைத்துச் சொல்வது மொழிபெயர்ப்பு ஆகாது. நல்ல காரியத்துக்காக என்பதால் அது நியாயமாகிவிடுமா? ராணுவத்தின் பெயர்ப்பு மூலத்துக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

தென்றல்நாடன்:
நாகசாகியும் அழிந்து மூன்று நாள் ஆகியிருந்த நேரத்தில், இன்னும் போர் நீளலாம் என்ற நிலையில், அந்த மேசையில் உட்கார்ந்திருந்தால் நீங்கள் 'ரெய்ஸோகு' என்றே எழுதியிருப்பீர்களா?

கோடைமழை:
எழுதியிருப்பேன். அதன் கீழே, 'பேரரசர் பதவியை ஒழிப்பதாக இந்தப் பதிலில் எங்கும் இல்லை' என்று தனிக் குறிப்பும் வைத்திருப்பேன். அதுவும் உண்மைதான்.

வைகைக்கரை:
சுசூகியிடம் மீண்டும் வருகிறேன். வெளியுறவு அமைச்சர் டோகோ, மாஸ்கோ வழியாகச் சமாதானம் பேச முயன்றுகொண்டிருந்தார். சோவியத்தின் பதில் தெரியும்வரை பிரகடனத்தைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருப்பது என்று 27ஆம் தேதி அமைச்சரவை முடிவெடுத்திருந்தது. சுசூகி அதைத்தான் சொல்ல வந்தார் என்பதை நான் விடமாட்டேன்.

கோடைமழை:
சொல்லாமல் இருப்பது என்று முடிவெடுத்தவர் எதற்காக அண்ணா செய்தியாளர்களைக் கூப்பிட்டுச் சொன்னார்?