சிவில் உடையில் வந்து விசாரித்தவர்கள்: உங்கள் வீட்டில் என்ன கேட்டார்கள்?

முல்லைத்தீவிலிருந்து எழுதுகிறேன். போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே 18க்கும், புலிகளின் மாவீரர் நாளான நவம்பர் 27க்கும் முந்தின கிழமையில் எங்கள் வீட்டுக்கு ஆள் வருவது வழக்கமாகிவிட்டது. அண்ணா 2009இல் போர் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் ஒப்படைக்கப்பட்டவர், அம்மா அவரைத் தேடி 2017 முதல் மற்றத் தாய்மாரோடு வீதியோரப் போராட்டத்துக்குப் போகிறவர். வருகிறவர்கள் "புலனாய்வு" என்று மட்டும் சொல்வார்கள், எந்தப் பிரிவு என்று கேட்டால் பதில் இல்லை, அட்டை காட்டுவதும் இல்லை. போராட்டத்துக்கு பஸ் பிடித்தது யார், காசு கொடுத்தது யார், கனடாவில் இருக்கிற மாமா எப்போது போன் எடுத்தார், வங்கிப் புத்தகம் எங்கே என்றெல்லாம் கேட்பார்கள். அண்ணாவைப் பற்றி ஒருதரம்கூடக் கேட்டதில்லை. அம்மா போன் இலக்கத்தை மாற்றினாலும் புது இலக்கத்துக்கே அழைப்பு வருகிறது, யார் கொடுத்தார்கள் என்று இன்றுவரை தெரியாது. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள். பெயர் வேண்டாம், ஊரும் ஆண்டும் போதும். எல்லோரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் இது தங்களுக்கு மட்டும் நடக்கிற விஷயமாகத் தெரிகிறது.

*

தங்கச்சி, நான் காத்தான்குடி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பிறகு எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். குண்டு வைத்தவர்களின் தலைவன் எங்கள் ஊரான், அவனை எதிர்த்து எங்கள் ஆட்கள் முன்னமே முறைப்பாடு செய்திருந்தார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். ஆனாலும் தேடுதல் என்று வந்தபோது எல்லோரும் ஒன்றுதான். என் போனை வாங்கி, படங்களைப் பார்த்து, வாட்ஸ்அப் குழுக்களின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதினார்கள். அதில் ஒன்று பள்ளிவாசல் ஜனாஸா (மரண) அறிவித்தல் குழு, அதற்கு ஏன் அரபியில் பெயர் என்று கேட்டார்கள். கப்பல் சுக்கான் படம் போட்ட உடுப்பைப் பௌத்தர்களின் தர்மச் சக்கரம் என்று நினைத்து ஹசலகவில் ஒரு பெண்ணைப் பிடித்ததும் அந்த மே மாதம்தான், அதனால் வீட்டில் அரபு எழுத்து இருந்த எதையும் வெளியில் வைக்கவே பயந்தோம், மார்க்கப் புத்தகங்களைக்கூட எரித்தவர்கள் உண்டு. மச்சானைக் கூட்டிப்போய் வாக்குமூலம் எடுத்தார்கள். முழுக்கச் சிங்களத்தில் எழுதி, கையெழுத்துப் போடச் சொன்னார்கள், அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. போட்டுவிட்டார். வெளியே வந்த பிறகும் அதில் என்ன இருக்கிறது என்ற யோசனை அவரை விடவில்லை, நித்திரை இல்லை.

*

காத்தான்குடி அண்ணா எழுதிய அந்தக் கையெழுத்து விஷயம்தான் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. வவுனியாவில் ஒரு சட்டத்தரணியிடம் வேலை செய்கிறேன். சாதாரணச் சட்டத்தில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் சாட்சியாகாது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேலுள்ளவரோ எடுத்தால் அது சாட்சி, அடித்து வாங்கினார்கள் என்று நிரூபிக்க வேண்டியது கைதானவரே. 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த சட்டம் இது, 1982இல் நிரந்தரமாக்கினார்கள். 2022இல் திருத்தியபோது தடுப்புக்காவலின் உச்சத்தைப் பதினெட்டு மாதத்திலிருந்து பன்னிரண்டாக்கினார்கள், ஆனால் ஒப்புதல் பற்றிய பிரிவைத் தொடவில்லை. எனக்கு இது பெரிய ஆத்திரம். அந்த ஒரு பிரிவால் இளமை முழுவதையும் சிறையில் கழித்தவர்களின் தாய்மார் எங்கள் அலுவலக வாங்கில் வந்து இருப்பார்கள்.

அந்தரங்க உரிமை என்று எங்கள் அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் தனியாக ஒன்று கிடையாது. 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தேசிய பாதுகாப்பு என்று வந்தால் விலக்குக்கு இடம் வைத்திருக்கிறது. அதனால் "என் போனைப் பார்க்க உனக்கென்ன உரிமை" என்று வாசலில் நின்று வாதாடுவதில் பெரிய பலன் இல்லை, பயமும் கூடும். அதைவிட, வந்தவர் பெயர், நேரம், வாகன இலக்கம், கேட்ட கேள்விகள், எல்லாவற்றையும் அன்றைக்கே எழுதி வையுங்கள். விசாரணைக்கு வரச்சொன்னால் கடிதமாகத் தரச்சொல்லுங்கள், தமிழில் கேளுங்கள். வடக்கு கிழக்கில் தமிழ் நிர்வாக மொழி, நாம் கேட்பது சலுகை இல்லை. வாசிக்கத் தெரியாத மொழியில் இருப்பதில் கையெழுத்துப் போடாதீர்கள். முடியாத நிலை வந்தால் "வாசித்துக் காட்டப்படவில்லை" என்று தமிழில் எழுதிவிட்டுப் போடுங்கள்.

அப்புறம் ஒன்று, பலருக்குத் தெரியாதது. அடிப்படை உரிமை வழக்கை நாட்டின் உச்ச நீதிமன்றமான கொழும்பு உயர் நீதிமன்றத்தில் ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். கொழும்புக்குப் போக வசதியில்லாமல் அந்த மாதத்தைத் தவறவிட்டவர்கள் நிறையப் பேர். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது, 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் அது இருக்கிறது. யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு, திருகோணமலை எல்லாவற்றிலும் பிராந்திய அலுவலகம் உண்டு, 1996 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம். முல்லைத்தீவு அக்கா, அம்மாவுக்குக் கடைசியாக அழைப்பு வந்த திகதியைப் பாருங்கள், மாதம் முடியவில்லை என்றால் இந்தக் கிழமையே போய்க் கொடுத்து முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.