சென்னா: கார் ஏன் விலகியது, உயிர் ஏன் போனது?

கேள்வி: கடைசிச்சுற்று

ஃபார்முலா ஒன் கார்ப்பந்தய வீரர் அயர்டன் சென்னா 1994 மே 1 அன்று இத்தாலியின் இமோலாவில் நடந்த போட்டியில் விபத்தில் இறந்தார். மே 1 வந்தால் அவருடைய மஞ்சள் ஹெல்மெட் படமும், அதன் கீழே "ஸ்டீயரிங் உடைந்து இறந்தார்" என்ற வரியும் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. ரசிகர்களுக்காக அஞ்சலிக் குறிப்பு ஒன்று தயாராகிறது. அதில் தப்பான வரி போகக் கூடாது.

ஸ்டீயரிங் ராட் (ஸ்டீயரிங் திருப்புவதை முன்சக்கரங்களுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஓட்டத்தின்போதே உடைந்ததா, மோதியபோது உடைந்ததா? கோர்ட் கடைசியாகச் சொன்னது என்ன? சேஃப்டி காருக்குப் (விபத்து நடந்தால் மற்ற கார்களை மெதுவாக்க முன்னால் ஓடும் கார்) பின்னால் போனதில் டயர் ஆறிப்போனதுதான் காரணம் என்கிறார்களே, அது எவ்வளவு தூரம் சரி? அதற்கப்புறம் விதிகளில் என்ன மாறியது?

பதில்: வெல்டிங்மாமா

முதலில் ஒன்று. கார் ஏன் பாதையை விட்டுப் போனது என்பது ஒரு கேள்வி, ஓட்டியவர் ஏன் பிழைக்கவில்லை என்பது வேறு கேள்வி. "ஸ்டீயரிங் உடைந்து இறந்தார்" என்ற வரி இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது. என் பதில் முதல் கேள்விக்கு மட்டும்.

அவர் ஓட்டிய வில்லியம்ஸ் அணியின் எஃப்டபிள்யூ16 காரில் உட்காரும் இடம் குறுகல். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கை இடிக்கிறது என்று சென்னா சொன்னதால் ராடை மாற்றினார்கள். சுமார் 22 மி.மீ. விட்டமுள்ள குழாயை வெட்டி, நடுவில் 18 மி.மீ. துண்டு வைத்து வெல்டு செய்தார்கள். கோளாறு ஆரம்பித்தது இங்கேதான். விட்டம் சட்டென்று குறையும் இடத்தில் விசை முழுக்க அந்த மூலையில் வந்து குவியும். மூலையை வளைவாக இழைத்துவிட்டால் விசை பரவிப்போகும். கூராக விட்டால் ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் அங்கே மயிரிழை அளவு விரிசல் நீளும். பக்கத்திலேயே வெல்டிங் சூடு பட்ட உலோகம் வேறு.

இப்படி வளர்ந்த விரிசலை முறிந்த முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். அலை வந்து போன ஈர மணலில் வரிவரியாகக் கோடு விழுந்திருக்குமே, அதுபோல் இருக்கும். ஒரே அடியில் முறிந்த பகுதியோ சொரசொரவென்று இருக்கும். சென்னாவின் ராடில் குறுக்குவெட்டின் பெரும்பகுதி பழைய விரிசல். இதில் யாருக்கும் சந்தேகமில்லை. அந்தக் காரை வடிவமைத்த ஏட்ரியன் நியூவியே விரிசல் இருந்ததை ஒப்புக்கொள்கிறார். மிச்சம் இருந்தது சுவரில் மோதுவதற்கு முன் முறிந்ததா, மோதியபோது முறிந்ததா என்பதில்தான் சண்டை.

கோர்ட் விஷயம்: இத்தாலியில் நடந்த வழக்கில் 1997 டிசம்பரில் குற்றம்சாட்டப்பட்ட எல்லோரும் விடுதலை, 1999 மேல்முறையீட்டிலும் விடுதலை. 2003-இல் இத்தாலிய உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு அனுப்பியது. 2007 ஏப்ரல் 13 அன்று வந்த கடைசித் தீர்ப்பு, ராட் முறிந்ததே விபத்துக்குக் காரணம், மோசமான மாற்றத்துக்குப் பொறுப்பு வில்லியம்ஸ் டெக்னிக்கல் டைரக்டர் பேட்ரிக் ஹெட்டுடையது என்றது. காலவரம்பு தாண்டிவிட்டதால் தண்டனை இல்லை. நியூவி விடுவிக்கப்பட்டார். அதனால் "கோர்ட் ஒன்றுமே சொல்லவில்லை" என்று எழுதினாலும் தப்பு, "தண்டனை கிடைத்தது" என்று எழுதினாலும் தப்பு.

பதில்: ஓவர்ஸ்டியர்

மாமா சொன்ன உலோகக் கணக்கில் குறை இல்லை. ஆனால் கார் நகர்ந்த விதம் வேறு கதை சொல்கிறது.

விபத்து நடந்த தம்புரெல்லோ இடதுபக்க வளைவு, ஆக்ஸிலரேட்டரை விடாமல் போகிற இடம். அங்கே ஸ்டீயரிங் ராட் முறிந்தால் முன்சக்கரம் திரும்பாது, கார் வழுக்கிக்கொண்டு நேராக வெளியே போகும், அவ்வளவுதான். பின்னால் வந்த ஷூமாக்கரின் கார் கேமராவில் முதலில் தெரிவது சென்னாவின் காரின் பின்பக்கம் வெளியே நழுவுவது. அதைச் சென்னா பிடித்து நிறுத்துகிறார், அதற்குப் பிறகுதான் கார் நேராகப் போகிறது. நியூவியின் வாதமும் இதுதான்.

எதிர்த்தரப்பின் ஆதாரம் சென்னாவின் சொந்தக் கேமரா. ஸ்டீயரிங்கில் இருந்த மஞ்சள் பொத்தான் தன் வட்டத்தை விட்டு நகர்கிறது என்று அளந்து காட்டினார்கள். அந்த அளவு ஆட்டம் வில்லியம்ஸில் சகஜம் என்று, 1994-இல் அந்த அணியின் டெஸ்ட் டிரைவராக இருந்த டேவிட் கூல்ட்ஹார்ட் கோர்ட்டில் சாட்சி சொன்னார். கார் விலகும் கட்டத்தில் அந்தக் கேமராக் காட்சி முடிந்துவிடுகிறது. வாதம் இத்தனை வருஷமாக ஓடுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

டயர் விஷயம். தொடக்கத்திலேயே லெஹ்டோவின் பெனட்டன் கார் நின்றுபோய், லாமியின் லோட்டஸ் கார் அதில் மோதியது. அதனால் சேஃப்டி காராக வந்தது சாதாரண ஓப்பல் வெக்ட்ரா. சென்னா பக்கத்தில் ஏறிப்போய் வேகமாகப் போ என்று சைகை காட்டினார். டயர் ஆறினால் என்ன ஆகும் என்று ஒரு மாதிரிக் கணக்கு: உள்ளே காற்று 100 டிகிரியில் இருந்து 60-க்கு இறங்கினால், மொத்த அழுத்தம் 2.4 பாரில் இருந்து சுமார் 2.14-க்கு வரும். கேஜில் காட்டுவது 1.4-லிருந்து 1.14. டயர் சப்பி, கார் தாழும். அடிப்பலகை தரையில் உரசினால் அடியில் காற்று ஓடும் வழி அடைபடும், அந்த நொடியில் பிடிமானம் போய்விடும். அந்த வருஷம் ஆக்டிவ் சஸ்பென்ஷனைத் தடை செய்திருந்ததால் உயரத்தைத் தானாகச் சரிசெய்ய வழியில்லை. போதாததற்கு எஃப்டபிள்யூ16 உயரம் கொஞ்சம் மாறினாலே முரண்டு பிடிக்கும் கார்.

இதிலும் ஓட்டை உண்டு. ஐந்தாம் சுற்று முடிவில் சேஃப்டி கார் விலகியது. ஆறாம் சுற்றை முழு வேகத்தில், அன்றைய மிக வேகமான சுற்றுகளில் ஒன்றாக ஓட்டிவிட்டு, ஏழாவதில்தான் விலகினார். ஆறிய டயரோடு அப்படி ஒரு சுற்று எப்படி வரும்? பின்பக்க வலது டயரில் மெல்லக் காற்று இறங்கியிருக்கலாம் என்று நியூவி சந்தேகிப்பது இதனால்தான். அது அனுமானம், அனுமானம் என்றே எழுதுங்கள்.

பதில்: பிட்சுவர்

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பாதையை விட்டபோது வேகம் மணிக்கு சுமார் 310 கி.மீ. இரண்டு நொடிக்குள் பிரேக் பிடித்து 210 சொச்சத்துக்கு இறக்கியிருக்கிறார். மோதியது வெறும் கான்கிரீட் சுவர், முன்னால் டயர் அடுக்குகூட இல்லை. சுவரைத் தள்ளிக் கட்டவும் முடியாது, பின்னாலேயே சந்தெர்னோ ஆறு. 1987-இல் பிக்கேயும் 1989-இல் பெர்கரும் அதே இடத்தில் மோதினார்கள். அப்போதே வளைவை மாற்றியிருக்க வேண்டும் என்பதுதான் இதில் எனக்குத் தீராத ஆத்திரம். சென்னா போன பிறகு, 1995-இல்தான் அதைச் சிகேனாக (வேகத்தைக் குறைக்க வைக்கும் அடுத்தடுத்த எதிர்வளைவுகள்) மாற்றினார்கள்.

காரின் கூடு தாங்கியது. வலது முன்சக்கரம் பின்னுக்கு மடங்கி வந்து தலையில் அடித்தது, சஸ்பென்ஷன் துண்டு ஒன்று ஹெல்மெட்டின் முகப்பைத் துளைத்தது. உயிர் போனது இதனால். ஆகவே விதிமாற்றங்களில் முதலில் பார்க்க வேண்டியது சக்கரத்தைக் கட்டிவைக்கும் கயிறு. 1999-இல் கட்டாயமானது. சக்கரம் மாட்டும் அச்சுப்பகுதியையும் கூட்டையும் இணைத்து, சஸ்பென்ஷன் கைக்குள்ளேயே ஓடும். நீளம் அதிகமானால் சக்கரம் தலை வரை எட்டிவிடும். இரண்டு கயிறு வைத்தாலும் இரண்டையும் ஒரே இடத்தில் மாட்டினால் ஒரே அடியில் இரண்டும் போகும். அதனால்தான் பிறகு இரண்டு கயிறு, தனித்தனிப் பிடிப்பு என்று ஆனது. கயிறு இருந்தால் போதும் என்றும் சொல்ல முடியாது. 2009-இல் பிராண்ட்ஸ் ஹேட்ச்சில் ஃபார்முலா டூ காரிலிருந்து கழன்ற சக்கரம் பட்டு ஹென்றி சர்டீஸ் இறந்தார்.

1996-இல் காக்பிட் பக்கச்சுவரை உயர்த்தி 75 மி.மீ. மெத்தை வைத்தார்கள். 2018-இல் ஹேலோ (ஓட்டுபவரின் தலையைச் சுற்றி வரும் பாதுகாப்பு வளையம்) வந்தது. அதைச் சோதித்தபோது 20 கிலோ சக்கரத்தை மணிக்கு 225 கி.மீ. வேகத்தில் எறிந்து பார்த்தார்கள். முழுச் சக்கரத்தை அது தடுக்கும். மெல்லிய துண்டு இடைவெளியில் நுழைந்தால் தடுக்காது. "ஹேலோ இருந்திருந்தால் சென்னா பிழைத்திருப்பார்" என்று அடித்துச் சொல்லாதீர்கள்.

கார் தரையில் உரசும் பிரச்சினைக்கு 1994 ஜெர்மன் போட்டியிலிருந்தே காரின் அடியில் 10 மி.மீ. பலகை பொருத்தச் சொன்னார்கள். 1 மி.மீ.க்கு மேல் தேயக் கூடாது. அடுத்த மாதமே பெல்ஜியத்தில் ஜெயித்த ஷூமாக்கரின் பலகை தேய்ந்திருந்ததால் அவர் தகுதியிழந்தார்.

கடைசிச்சுற்று

நன்றி. "விபத்துக்கு ஸ்டீயரிங் ராட் முறிந்ததே காரணம் என்று இத்தாலிய நீதிமன்றம் முடிவுசெய்தது, காரை வடிவமைத்தவர் அதை ஏற்கவில்லை. மரணத்துக்குக் காரணம் தலையில் பட்ட சக்கரமும் சஸ்பென்ஷன் துண்டும்." இப்படி எழுதினால் சரியா?

பதில்: பிட்சுவர்

சரி. படத்தையும் ஒருமுறை பாருங்கள். சிவப்பு வெள்ளை மெக்லாரனைப் போட்டு "கடைசி ஓட்டம்" என்று எழுதிவிடுகிறார்கள். இமோலாவில் அவர் ஓட்டியது நீல வெள்ளை வில்லியம்ஸ், எண் 2. வெற்றி 41, போல் (முதலிடத்திலிருந்து தொடங்கும் தகுதி) 65, உலகப் பட்டம் 1988, 1990, 1991.

பதில்: ஓவர்ஸ்டியர்

இன்னொரு பெயரும் அந்தக் குறிப்பில் இருக்க வேண்டும். முந்தின நாள், ஏப்ரல் 30 தகுதிச்சுற்றில், முன்னிறகு உடைந்து வில்நெவ் வளைவில் மோதி இறந்த ஆஸ்திரிய வீரர் ரோலண்ட் ராட்ஸன்பெர்கர். சென்னாவின் காரிலிருந்து சுருட்டிய ஆஸ்திரியக் கொடி ஒன்றை எடுத்தார்கள். ஜெயித்தால் அவருக்காக வீசுவதற்கு வைத்திருந்தது. 2024-இல் இமோலாவில் சென்னாவின் பழைய மெக்லாரனை ஓட்டிய முன்னாள் ஃபார்முலா ஒன் வீரர் வெட்டல், இறங்கியதும் பிரேசில் கொடியோடு ஆஸ்திரியக் கொடியையும் பிடித்தார்.